பச்சைக் கோடு போகும் வழியே: இங்கிலாந்து கிராமப்புறத்தில் நடப்பது எப்படி

டோர்செட் கடற்கரையில் டர்டில் டோர் என்று ஒரு பாறை வளைவு இருக்கிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக்கல் பாறையை அலை நடுவில் அரித்து அரித்து ஒரு வாசல் போல ஆக்கிவிட்டது. இங்கிலாந்துக்கு வரும் நம்மவர்கள் பலர் அங்கே போகிறார்கள், மேலே கார் பார்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, நாலு படம் எடுத்து, ஏறி வந்து, கிளம்பிவிடுகிறார்கள். அதே இடத்துக்கு லல்வொர்த் கோவ் என்ற வட்ட வடிவக் குடாவிலிருந்து நடந்து போய்ப் பாருங்கள். சுமார் 2 கிலோமீட்டர்தான். முதலில் மூச்சு வாங்க வைக்கும் ஒரு ஏற்றம், எதிரே வெள்ளைப் பாதையும் வானமும் தவிர ஒன்றும் தெரியாது, உச்சி தாண்டி இறங்கும்போது இடப்பக்கம் மேன் ஓ வார் குடா நீலமாக விரியும், அப்புறம்தான் அந்த வளைவு. காரில் வந்தவருக்குக் கிடைத்ததும் உங்களுக்குக் கிடைத்ததும் ஒன்றல்ல.

இந்த நாட்டில் பார்க்க வேண்டிய இயற்கை இடங்கள் எல்லாம் ஒற்றையடிப் பாதைகளில் கோத்த மணிகள் மாதிரி இருக்கின்றன. ஆகவே இடங்களின் பட்டியலைத் தேடுவதை விட பாதையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் யாரிடமும் முதலில் சொல்வது. அது கைவந்துவிட்டால் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு நல்ல நடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிவிடுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு இங்கே வேலி, கேட், புல்வெளி, தூரத்தில் ஒரு பண்ணை வீடு, இதையெல்லாம் பார்த்ததும் 'அடுத்தவர் நிலத்தில் நுழைவதா' என்று கால் நின்றுவிடும். நியாயமான கூச்சம்தான். ஆனால் இங்கிலாந்தில் தனியார் நிலத்தின் குறுக்கே போகும் பொதுப் பாதைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை உங்களுடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதைகள் இருக்கின்றன. கேட் கம்பத்தில் சின்ன வட்டத் தகட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும், அதன் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டுமான ஃபுட்பாத். நீலம் என்றால் பிரைடில்வே, அதில் குதிரையும் சைக்கிளும் வரும். ஏகார்ன் எனப்படும் ஓக் மரக் கொட்டையின் படம் இருந்தால் நீங்கள் நிற்பது ஒரு தேசிய நெடும்பாதையில்.

கோதுமை வயலின் ஓரத்தில் வந்து நிற்கும்போது பாருங்கள், மஞ்சள் அம்பு நேராக வயலுக்குள்ளேயே காட்டும். இடுப்பளவு பயிர், நடுவில் ஆள் ஒருவர் போகும் அகலத்துக்கு ஒரு வகிடு. இதில் போகலாமா என்று யோசிக்காதீர்கள், போக வேண்டும். வயலுக்குக் குறுக்கே போகும் ஃபுட்பாத்தைக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பயிர் மூடாமல் விட்டுவைப்பது விவசாயியின் கடமை. நல்லெண்ணத்தில் வரப்பைச் சுற்றிப் போனால்தான் பாதையை விட்டு விலகியவர் ஆவீர்கள். வரிசையாக ஒருவர் பின் ஒருவராக, கதிர்கள் இரண்டு பக்கமும் கையில் உரச நடந்து போவது இருக்கிறதே, எந்த மலையுச்சிக் காட்சிக்கும் குறைந்ததல்ல.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள் சில நூறு பேர், தடை செய்யப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் வேண்டுமென்றே ஏறினார்கள். அதில் சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951-இல் அந்தக் கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட்தான் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மலை, மூர் எனப்படும் புதர்வெளி, பொதுப் புல்வெளி போன்ற குறிப்பிட்ட நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை கொடுத்தது. ஆனால் கூடாரம் போட்டு இரவு தங்குவது வேறு விஷயம். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் அப்படித் தங்க இங்கிலாந்தில் பொதுவாக உரிமை இல்லை, டார்ட்மூர் என்ற மூர் நிலம் மட்டும் விதிவிலக்கு. அங்கே அந்த உரிமை உண்டு என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனம் வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை, ஆரஞ்சு அட்டை போட்டது, அதை வாங்குங்கள். அளவு 1:25,000, அதாவது வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். அதில் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கீற்றுகளாகப் போவது ஃபுட்பாத், நீளக் கீற்றுகளாக இருந்தால் பிரைடில்வே. லேசான மஞ்சள் பூசிய பரப்புதான் நான் மேலே சொன்ன, விருப்பம் போல் நடக்கக்கூடிய நிலம். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகும் சம உயரக் கோடுகளையும் கவனியுங்கள். அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் நிம்மதியான நடை. இதே நிறுவனத்தின் செயலியும் இருக்கிறது, அம்புக்குறி நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டிவிடும், வசதிதான். வழிகாட்டிப் பலகைகளில் தூரம் மைலில் இருக்கும், வரைபடத்தில் உயரம் மீட்டரில் இருக்கும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

போனை மட்டும் நம்பாதீர்கள் என்பதை அனுபவித்தே சொல்கிறேன். ஒரு அக்டோபர் மாதம் பீக் டிஸ்ட்ரிக்ட் மேட்டுநிலத்தில் நடந்துகொண்டிருந்தபோது பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கையில் விரல் தெரிகிறது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. நாற்பது சதவீதம் காட்டிய போன் அந்தக் குளிரில் பட்டென்று அணைந்தது. பைக்குள் காகித வரைபடமும் ஒரு காந்த ஊசியும் இருந்ததால், கிழக்கே போனால் ஓடை வரும், ஓடையைப் பிடித்தால் கீழே கிராமம் என்று கணக்குப் போட்டு மெதுவாக இறங்கினேன். அன்றிலிருந்து போனைச் சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைப்பதும், காகித வரைபடத்தைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுவதும் பழக்கமாகிவிட்டது.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் உதவும்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் அரைமணி நேரம் கூடுதல். இது நிற்காமல் நடப்பவர் கணக்கு. குழந்தைகளோடு, படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்து போகும் நமக்கு இதில் பாதியை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு சூரியன் எப்போது மறையும் என்று பாருங்கள். ஜூனில் லண்டன் பக்கம் இரவு 9.20 வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று குளிர்காலத்தில் நினைக்கவே கூடாது.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, காற்று அடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காயும் கால்சட்டை, மேலே மழை புகாத ஜாக்கெட், பையில் ஒரு கம்பளிச் சட்டை, தடம் ஆழமான அடிப்பாகம் உள்ள பூட்ஸ். ஆகஸ்ட்டாக இருந்தாலும் மழை ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். முழுக்கால் மூடியிருப்பது இன்னொரு விதத்திலும் நல்லது, புல்லில் உண்ணி இருக்கும், லைம் நோய் அதன் வழியாகத்தான் வருகிறது, வீடு திரும்பியதும் முழங்கால் பின்புறம், இடுப்பு மடிப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள். பாதையோரம் ரம்பப்பல் இலையோடு நிற்கும் நெட்டில் செடி நம்ம ஊர்க் காஞ்சொறி மாதிரியே அரிப்பு தரும்.

வேலியைக் கடப்பதற்கு இங்கே இரண்டு ஏற்பாடு. ஒன்று ஸ்டைல், வேலியின் மேலே ஏறி இறங்க மரப்படியோ கல்படியோ. இன்னொன்று கிஸ்ஸிங் கேட், அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும் ஒரு சின்னக் கதவு. நீங்கள் கதவைத் தள்ளிக் கூண்டுக்குள் நுழைந்து, ஓரமாக ஒதுங்கி, கதவை உங்கள் முன்னால் கொண்டுவந்து, மறுபக்கமாக வெளியேற வேண்டும். ஆடுமாடு இந்த வளைவைச் செய்யாது, மனிதர் செய்வார், அதுதான் அதன் சூட்சுமம். பெரிய பை முதுகில் இருந்தால் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரண கேட்டாக இருந்தால் நீங்கள் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். மூடியிருந்ததா, மூடுங்கள், திறந்திருந்ததா, திறந்தே இருக்கட்டும், அது ஆடுகள் தண்ணீர் குடிக்கப் போகும் வழியாக இருக்கலாம்.

மாடுகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மாட்டோடு வளர்ந்தவர்கள் நாம், அந்தத் தைரியத்தில் இங்கே கிட்டே போகாதீர்கள். மேய்ச்சலில் விட்ட மாடுகள் ஆள் பழக்கம் அதிகம் இல்லாதவை, கன்று இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகவே கூடாது, அகலமாகச் சுற்றிப் போங்கள், அப்படிச் சுற்றுவதில் தவறில்லை. கூட நாய் இருந்தால் கயிற்றில் பிடியுங்கள், ஆனால் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், அது குறிவைப்பது நாயைத்தான், நாய் ஓடித் தப்பிவிடும், உங்களால் முடியாது. பாதை விலகி நடக்கும் உரிமை உள்ள நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக.

ஆபத்து நேர்ந்தால் 999. எடுத்ததும் போலீஸ் கேளுங்கள், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்குவதில்லை. கடற்கரையில் என்றால் நேராகக் கோஸ்ட்கார்டு கேட்க வேண்டும். சிக்னல் மெலிந்த இடத்தில் பேச முடியாமல் குறுஞ்செய்தி மட்டும் போகலாம், அதற்கு முன்கூட்டியே பதிவு வேண்டும், ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி இன்றே முடித்துவிடுங்கள். பையில் ஒரு விசில் இருக்கட்டும், ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. இதுதான் மலையில் உதவி கேட்கும் குறி.

இப்போது எங்கே போவது? லண்டனிலிருந்து முதல் முறை என்றால் பாக்ஸ் ஹில். பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் என்று ரயில் நிலையமே இருக்கிறது, இறங்கிக் கொஞ்ச தூரத்தில் மோல் ஆற்றைக் கற்களில் கால் வைத்துத் தாண்டி, மரப்படிகளில் ஏறினால் 224 மீட்டர் உயரக் குன்று. பெருமழைக்குப் பிறகு அந்தக் கற்கள் முழுகிவிடும், பக்கத்திலேயே நடைபாலம் உண்டு.

ஒரு முழுநாள் இருந்தால் செவன் சிஸ்டர்ஸ். சீஃபோர்டு ரயில் நிலையத்தில் இறங்கி ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 22 கிலோமீட்டர், கடலை ஒட்டிச் சாக்பீஸ் வெள்ளையில் அலையலையாக ஏறி இறங்கும் பாறைச் சுவர், முடிவில் 162 மீட்டர் உயர பீச்சி ஹெட். சீஃபோர்டு பக்கமிருந்து போவது நல்லது, முழுச் சுவரும் எதிரே தெரியும். நடுவில் கக்மியர் ஆறு கடலில் சேரும் இடத்தில் பாலம் கிடையாது, எக்ஸீட் பாலம் வரை உள்ளே போய்த்தான் சுற்ற வேண்டும். இந்தச் சுண்ணப்பாறை அடியில் கடல் அரித்துக்கொண்டே இருக்கும், மேலே புல் மட்டும் கெட்டியாகத் தெரியும், திடீரென்று ஒரு பாளமே பெயர்ந்து விழும். விளிம்பிலிருந்து நாலைந்து மீட்டராவது தள்ளியே இருங்கள். விளிம்பில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், அடியிலும் நடக்காதீர்கள்.

வடக்கே கார் இல்லாமல் போக எனக்கு மிகவும் பிடித்தது மாம் டோர் முகடு. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையிலான ரயிலில் ஈடேலில் இறங்குங்கள், ஏறி 517 மீட்டர் மாம் டோரைப் பார்த்துவிட்டு, முகட்டின் மேல் பாவிய கற்பாதையிலேயே லூஸ் ஹில் வரை நடந்து, மறுபக்கம் ஹோப் ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம். மாம் டோர் களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காக அமைந்த மலை, சரிந்துகொண்டே இருக்கும், அதன் அடியில் போட்ட நெடுஞ்சாலையை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அலுத்து 1979-இல் மூடிவிட்டார்கள். காசில்டன் பக்கம் இறங்கினால் அந்தத் தார்ச்சாலை பாளம் பாளமாக மடிந்து கிடப்பதில் நடந்தே பார்க்கலாம்.

கடல் ஓதம் ஏறி இறங்கும் இடங்களில் மட்டும் யோசித்துக் கால் வையுங்கள். லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை கடல் ஏறும்போது மூழ்கிவிடும், நேரப் பட்டியல் பார்க்காமல் போகக் கூடாது. மோர்கம்ப் குடா மணலை வழிகாட்டி இல்லாமல் கடக்க நினைக்கவே வேண்டாம், புதைமணல் உண்டு.

பருவம் என்று பார்த்தால் ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமும் காட்டுக்குள் புளூபெல் பூக்கும் நேரம், மரத்தடி முழுக்க நீலம். மிதித்தால் அந்தச் செடி தேற ஆண்டுகள் ஆகும், பாதையிலேயே நில்லுங்கள். ஆகஸ்ட்டில் நார்த் யார்க் மூர்ஸ் போனால் ஹெதர் என்ற குட்டைப் புதர் பூத்து மேடெல்லாம் ஊதா. போக்குவரத்துக்கு ஒரு எச்சரிக்கை, கிராமத்துப் பேருந்து ஞாயிற்றுக்கிழமை பல வழிகளில் ஓடாது, கடைசி வண்டி மாலை ஐந்துக்கே போய்விடலாம். திரும்பும் வண்டியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் நடையைத் திட்டமிடுங்கள்.

இனி யார்க்‌ஷயர் டேல்ஸில் மாலம். ஒரே ஒரு நடைதான் உங்களுக்கு வாய்க்கும் என்றால் இதைச் செய்யுங்கள், சுமார் 8 கிலோமீட்டர் வட்டம். கிராமத்தில் ஓடையைத் தாண்டி ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற பலகையைப் பிடியுங்கள். புல்வெளி, கல் கொட்டகைகள், பிறகு காடு. மே மாதம் காடு முழுக்கக் காட்டுப் பூண்டு வாசனை. காட்டின் முடிவில் ஒரு சின்ன அருவி, பாசி போர்த்திய பாறைத் திரையின் மேல் வழிந்து பச்சைக் குளத்தில் விழும். அங்கிருந்து சாலை ஏறி வலப்பக்கம் போனால் கோர்டேல் ஸ்கார், இரண்டு பக்கமும் நூறு மீட்டர் பாறைச் சுவர் நெருங்கி நெருங்கி வந்து தலைக்கு மேல் வானத்தை ஒரு துண்டாக்கிவிடும். உள்ளே அருவி வழியே சிலர் ஏறிப் போவார்கள், தண்ணீர் அதிகமாக இருந்தால் வேண்டாம், திரும்பி வந்து வயல் வழிப் பாதையில் மாலம் கோவ் என்ற பெரிய பாறைச் சுவரின் உச்சிக்குப் போங்கள்.

அந்த உச்சிதான் நின்று பார்க்க வேண்டிய இடம். தரையே சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் பாளங்கள், இடையிடையே ஒரு முழம், இரண்டு முழம் ஆழத்துக்கு வெடிப்புகள். பனிப்பாறை மண்ணைச் சுரண்டிப் போட்ட பாறையை மழைநீர் பல்லாயிரம் ஆண்டு கரைத்து உண்டாக்கியது. மண்டியிட்டு ஒரு வெடிப்புக்குள் பாருங்கள். மேலே காற்று முகத்தில் அறையும், உள்ளே காற்றில்லை, ஈரம், நாக்கு நாக்காக நீண்ட பெரணி இலைகள், ஒரு தனித் தோட்டம். மழை பெய்திருந்தால் இந்தக் கல் சோப்பு போல வழுக்கும், கால் வெடிப்பில் சிக்கினால் எலும்பு முறியும், அவசரப்படாதீர்கள்.

பக்கவாட்டில் சுமார் 400 படி இறங்கி அடிக்கு வந்தால் 80 மீட்டர் உயரத்துக்கு வளைந்து நிற்கும் பாறைச் சுவர். பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் இதன் மேலிருந்து பேரருவியாக விழுந்தது. இப்போது மேலே வறண்டு கிடக்கிறது, 2015 டிசம்பர் பெருமழையில் மட்டும் கொஞ்ச நேரம் மறுபடி அருவி ஆனது. அடியிலிருந்து ஒரு ஓடை வெளிப்படுகிறது. மேலே மாலம் டார்ன் ஏரியிலிருந்து வந்து நிலத்துக்குள் மறையும் நீர்தான் இது என்று யாருக்கும் தோன்றும், ஆனால் சாயம் கலந்து பார்த்ததில் அது வேறு தண்ணீர் என்று தெரிந்தது. ஏரித் தண்ணீர் இந்த ஓடைக்கும் அடியில் எங்கேயோ குறுக்கே கடந்து, கிராமத்துக்குத் தெற்கே ஏர் ஹெட் என்ற ஊற்றில் வந்து எட்டிப் பார்க்கிறது. பேருந்துக்கு அரைமணி நேரம் மிச்சம் இருந்தால் கிராமத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். வரைபடத்தில் பச்சைக் கீற்று தெற்கே போகிறதா, அதில் பத்து நிமிடம் நடங்கள், புல்வெளி ஓரத்தில் தரையிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கொப்பளித்து வந்துகொண்டிருக்கும்.